வறுத்தவளுக்கும் முதுமை உண்டு: நிதி அமைச்சகத்துக்கும் ஓய்வூதிய ஆணையத்துக்கும் ஒரு திறந்த மடல்

மத்திய நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறைக்கும், ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்துக்கும்,

வணக்கம்.

ஈரோட்டில் மசாலாப் பொடி தயாரித்து விற்கும் ஒரு குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 46 வயது, என் கணவருக்கு 50. அவர் பெருந்துறைப் பக்கம் ஒரு நூல் ஆலையில் பராமரிப்புப் பிரிவு மேலாளர். ஆலை நேரம் போக மீதியில் அவரும், விடிவதற்கு முன்பிருந்தே நானுமாகச் சேர்ந்து செய்யும் தொழில் இது. 2016 செப்டம்பரில் தொடங்கினோம். இரண்டே மாதத்தில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. கடைக்காரர்கள் பொடியை வாங்கிக்கொண்டு பணத்துக்குப் பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்தோம். இன்று அறுபதுக்கும் மேற்பட்ட கடைகளுக்குப் பொடி போடுகிறோம், கூரியரிலும் அனுப்புகிறோம். செலவெல்லாம் போக ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் அளவில் நிற்கிறது. குறைத்துக் காட்டும் வழிகளைச் சிலர் சொன்னதுண்டு. கணக்கு நோட்டை எழுதுபவள் நான். அதில் உள்ளது உள்ளபடிதான் இருக்கும்.

எங்கள் இருவரின் முதுமையைப் பற்றித்தான் இந்த மடல். குறிப்பாக என்னுடைய முதுமையைப் பற்றி.

என் கணவரின் சம்பளச் சீட்டை ஒவ்வொரு மாதமும் நான்தான் கோப்பில் போடுகிறேன். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 36,000 ரூபாய். அதில் 12 சதவீதம், 4,320 ரூபாய், பி.எஃப். கணக்குக்காகப் பிடிக்கிறார்கள். ஆலையும் தன் பங்காக 4,320 போடுகிறது. அந்தப் பங்கில் 1,250 ரூபாய் 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, மீதி 3,070 பி.எஃப்.பில் சேர்கிறது. இரண்டு ஆண்டுகளாகத் தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் ஆலை அவர் பெயரில் 14 சதவீதம், அதாவது மாதம் 5,040 ரூபாய் செலுத்துகிறது. ஆக ஒரு மனிதருக்கு மூன்று வாய்க்கால். அவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் மூன்றிலும் தண்ணீர் தானாகப் பாய்கிறது. அவருக்குக் கிடைப்பதைப் பார்த்து எனக்கு வருத்தமில்லை. உழைத்தவருக்கு அது நியாயம்.

என் பெயரில் என்ன இருந்தது? 2021 வரை ஒன்றுமே இல்லை. எனக்கென்று சட்டம் வைத்திருக்கும் ஒரே ஓய்வூதியம், என் கணவர் இறந்த பிறகு வருவது. அவருக்குரிய ஓய்வூதியத்தில் பாதி. 58 வயதில் அவருக்கு அந்தத் திட்டத்தில் கிடைக்கக்கூடியதை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 2014-க்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500 ரூபாய், அதற்குப் பிந்தையதற்கு 15,000 ரூபாய். மொத்தத்தில் மாதம் ஆறாயிரத்தைத் தொடாது. அதில் பாதி மூவாயிரத்துக்கும் குறைவு. பத்து ஆண்டுகளாக நான் நின்ற அடுப்புக்கும் அந்தத் தொகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. விதவை என்ற தகுதிக்காகத் தரப்படும் பணம் அது. உழைப்பவள் என்ற தகுதிக்கு என்ன தருகிறீர்கள் என்பதே என் கேள்வி.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போகும் சட்டம் அதைத்தான் கேட்கிறது. காலை நான்கு மணிக்கு மல்லியை வறுக்கத் தொடங்குவேன். மல்லி பச்சை வாசம் விட்டு, நிறம் மாறுவதற்குச் சற்று முன்பே சட்டியிலிருந்து கொட்டிவிட வேண்டும். அடுப்பை அணைத்தாலும் சட்டியின் சூடு வறுத்துக்கொண்டேதான் இருக்கும். ஒரு நிமிடம் பிந்தினால் அந்த ஈடு முழுவதும் கசக்கும். மிளகாய் வற்றலைக் கையில் அள்ளினால் கலகலவென்று ஓசை வர வேண்டும், வராவிட்டால் இன்னொரு வெயில் காட்ட வேண்டும். விரலி மஞ்சளை ஒடித்துப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். ஈரத்தோடு அரைத்த மஞ்சள் பையில் கட்டி பிடிக்கும், இரண்டே மாதத்தில் பூச்சி வைக்கும். எந்த ஊர்க் கடைக்குக் காரம் கூட்ட வேண்டும், எந்த ஊருக்குப் பெருங்காயம் தூக்கலாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் என் மனக்கணக்கில் இருக்கிறது. என் கணவர் ஞாயிற்றுக்கிழமை மண்டிக்குப் போய் மூட்டை எடுத்து வருகிறார், மாலையில் அரவை மில்லுக்குக் கொண்டுபோகிறார், சீல் போடும் இயந்திரம் பழுதானால் சரிசெய்கிறார், கடைகளில் பாக்கி வசூலிக்கிறார். இருவரில் ஒருவர் விலகினாலும் தொழில் படுத்துவிடும்.

ஆனால் எல்லாப் பத்திரமும் அவர் பெயரில். அது சதி ஒன்றும் இல்லை. தொடங்கியபோது பான் எண், வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று எல்லாம் அவரிடம் தயாராக இருந்தன. உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில், “வீட்டுக்காரர் பெயரிலேயே போட்டுவிடுங்கள் அம்மணி, சுலபம்” என்றார்கள். எங்களுக்கும் சுலபமாகத்தான் பட்டது. உத்யம் பதிவு, ஜிஎஸ்டி, நடப்புக் கணக்கு என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாக எல்லாம் அவர் பெயரிலேயே போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் இட்லி மாவுக் கடை, தையல் கடை, பூக்கடை, ஜெராக்ஸ் கடை எதில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இதே கதையைச் சொல்வார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு என் கணவரே ஒரு யோசனை சொன்னார். “தொழிலிலிருந்து உனக்கு மாதச் சம்பளம் போடுகிறேன். அதிலிருந்து உன் ஓய்வுக்காலத்துக்கென்று தனியாகச் சேர்த்துக்கொள்” என்றார். திருமணமாகி இருபது ஆண்டுகளில் அவர் சொன்ன நல்ல சொற்களில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன். மாதம் 25,000 என்று முடிவு செய்து ஆடிட்டரிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கொடுங்கள், தடையில்லை. ஆனால் அம்மாவுக்குக் கொடுக்கும் சம்பளமும் உங்கள் வருமானமாகத்தான் கணக்கில் வரும்.”

வருமான வரிச் சட்டத்தின் 64-ஆம் பிரிவை அன்றுதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன். ஒருவருக்குக் கணிசமான பங்கு உள்ள தொழிலிலிருந்து அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ போகும் சம்பளம், அந்த ஒருவரின் வருமானத்தோடேயே சேர்க்கப்படும். தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அந்த அறிவாலும் அனுபவத்தாலும் மட்டுமே ஈட்டிய பணம் என்றால் விலக்கு உண்டு. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இதே விதி வேறு எண்ணோடு தொடர்கிறது. ஆடிட்டர் என்னிடம், “ஏதாவது பட்டயம், சான்றிதழ் இருக்கிறதா?” என்று கேட்டார். மல்லியின் வாசத்தைப் பிடித்து இறக்கும் நொடிக்கு எந்தப் பல்கலைக்கழகம் சான்றிதழ் தருகிறது? பட்டம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, அறிவும் அனுபவமும் போதும் என்று சொன்ன நீதிமன்றத் தீர்ப்புகள் இருப்பதாகவும் அவர் சொன்னார். ஆனால் அதை நிலைநாட்ட, கேள்வி வரும்போது ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக வாதாட வேண்டும். பொடி விற்பவர்கள் எந்த நாளில் கடையைச் சாத்திவிட்டு வழக்காடப் போவது?

இந்த விதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை மறைத்துவிட்டு நான் வாதாட விரும்பவில்லை. 1937-ல், வெள்ளையர் ஆட்சியில், பெயரளவுக்கு மனைவியையும் சிறு பிள்ளைகளையும் கூட்டாளியாகக் காட்டி வருமானத்தைப் பிரித்து வரியைக் குறைத்தவர்களைத் தடுக்க இப்படிப்பட்ட விதிகளை முதலில் கொண்டுவந்தார்கள். பெயருக்கு மட்டும் பங்காளியான பணக்கார வீட்டு மனைவிகளை மனத்தில் வைத்து எழுதியது. கைகளில் மிளகாய்க் காந்தல் மாறாத பெண்களையும் அதே வலை பிடித்துக்கொண்டது.

இதனால் எங்களுக்கு ஆவது என்ன என்று எண்களில் சொல்கிறேன். ஓய்வூதியக் கணக்குகளில் ஆலை போடுவதைச் சேர்க்காமல், கணவரின் சம்பளம் ஆண்டுக்கு 9 லட்சம். தொழிலில் 6 லட்சம். மொத்தம் 15 லட்சமும் அவர் தலையில். வரி கணக்கிடப் பழையது, புதியது என இரண்டு முறைகள் உண்டு, நாங்கள் புதியதில் இருக்கிறோம். அதில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக 14,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மிச்சம் இரண்டேகால் லட்சத்துக்கு 33,750. கூட்டினால் 93,750, கூடுதல் தீர்வை 4 சதவீதம் சேர்த்தால் 97,500 ரூபாய். இதுவே தொழில் லாபத்தில் பாதி என் உழைப்பின் பலன் என்று சட்டம் ஒப்புக்கொண்டால் அவருக்கு 12 லட்சம், எனக்கு 3 லட்சம். வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு வரியே இல்லை என்று 2025 பட்ஜெட்டில் நீங்களே அறிவித்திருக்கிறீர்கள். இருவருமே வரி கட்ட வேண்டியிருக்காது.

அதாவது, இருவர் உழைத்த தொழிலை ஒருவருடையது என்று எழுதுவதற்காக எங்கள் வீடு ஆண்டுதோறும் 97,500 ரூபாய் கொடுக்கிறது. அந்தப் பணத்தை ஆண்டுத் தொடக்கத்தில் என் பெயரிலுள்ள பொது வருங்கால வைப்பு நிதியில் கட்டி வந்தால், இன்றைய 7.1 சதவீத வட்டி அப்படியே நீடிக்குமானால், 15 ஆண்டுகளில் 26 லட்சத்தைத் தாண்டும். அதுவே என் முதுமைக்குப் போதுமானது.

“தொழிலை முழுவதும் அம்மா பெயருக்கு மாற்றிவிடுங்களேன்” என்று ஆடிட்டர் சொல்லாமல் இல்லை. உரிமம், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு, கடைக்காரர்களின் பேரேடு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொழிலுக்குப் போட்ட முதல் பணம் 80,000 ரூபாய், கணவரின் சேமிப்பிலிருந்து வந்தது. கணவன் கொடுத்த முதலில் மனைவி ஈட்டும் லாபத்தில் அந்த முதலுக்கு ஈடான பங்கும் கணவன் வருமானத்தோடேதான் சேரும் என்று அதற்கும் ஒரு விதி. கடனாகக் கொடுத்ததாக எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அப்படிச் செய்த குடும்பங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்போது பொய் மட்டும் இடம் மாறும். இன்று என் உழைப்பு இல்லாததுபோல் எழுதுகிறோம், நாளை அவர் உழைப்பு இல்லாததுபோல் எழுதுவோம். இருவரும் சேர்ந்து செய்கிறோம் என்ற எளிய உண்மையை எழுத ஒரு கட்டம் ஏன் இல்லை?

என் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். சென்னிமலையில் கைத்தறி. அப்பா தறியில் உட்காருவார், அம்மா விடியும் முன்பே ராட்டையில் தார் (தறி நாடாவுக்குள் வைக்கும் நூல்) சுற்றத் தொடங்குவார். தார் இல்லாமல் நாடா ஓடாது, நாடா ஓடாமல் துணி இல்லை. சங்கத்துப் பாஸ்புத்தகம் அப்பா பெயரில் இருந்தது. சேமிப்பும் அவர் பெயரிலேயே. முப்பது ஆண்டு சுற்றிய தாருக்கு அம்மா பெயரில் ஒரு வரி எங்கும் இல்லை. அப்பா காலமான பிறகு அம்மா பன்னிரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். காபிப் பொடிக்குக்கூட மகன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணன் நல்லவர், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இருந்தும் அம்மா கேட்பதற்கு முன் சற்றுத் தயங்கி நிற்பார். அந்தத் தயக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். கணவரைவிட நான் நான்கு வயது இளையவள். பெண்கள் பொதுவாக ஆண்களைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள். என் கடைசி ஆண்டுகள் தனியாகத்தான் கழியும் என்று கொள்வதே விவேகம். அந்த ஆண்டுகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

அரசின் ஒரு கை என்னை அறியும் என்பது இன்னொரு வேதனை. புள்ளியியல் அமைச்சகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பில், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர் என்று ஒரு வகை இருக்கிறது. சுயதொழில் செய்வோர் பிரிவில்தான் அவர்களைச் சேர்க்கிறார்கள். நாட்டில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று பெருமையோடு எண்ணும்போது நான் உழைப்பாளி. வரி என்று வரும்போது நான் கணவரின் நிழல். நீதிமன்றங்கள்கூட இதைத் தாண்டி வந்துவிட்டன. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் சம்பாதித்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சரிபாதி உண்டு என்று தீர்ப்பளித்தார். அவர் உழைப்பு இல்லாமல் கணவரால் அங்கே சம்பாதித்திருக்க முடியாது என்பதே அதன் சாரம். வீட்டு வேலைக்கே பங்கு உண்டென்று உயர்நீதிமன்றம் சொல்கிறது. நான் செய்வதோ ரசீதும் எடைக்கல்லும் உள்ள வேலை.

இனி ஓய்வூதிய ஆணையத்திடம் பேச வேண்டியவை.

2021-ல் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். ஆதாரைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 40 வயதுக்கு மேல் சேர முடியாது, எனக்கு 41. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மான்தன் திட்டத்திலும், சிறு வணிகர்களுக்கான திட்டத்திலும் அதே 40 தான். அடல் திட்டம் 2015 மே மாதம் தொடங்கியபோது எனக்கு 35 வயது, அப்போது சேர்ந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். அப்போது இரண்டாவது மகளுக்கு ஒன்றரை வயது. கையில் என் பெயரில் ஒரு ரூபாய் வருமானம் இல்லாத காலம் அது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் பெண்கள் வீட்டிலிருந்தபடி தொழில் தொடங்குகிறார்கள். அது நிலைபெற ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். கையில் பணம் நிற்கும் நேரத்தில் நீங்கள் கதவைச் சாத்திவிடுகிறீர்கள். 40 வயதில் சேர்பவர் 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு மாதம் 1,454 ரூபாய் கட்டுகிறார், 18 வயதில் சேர்பவர் 210 ரூபாய் கட்டுகிறார். வயதுக்கேற்பத் தொகையைக் கூட்டும் வழி உங்களிடமே இருக்கும்போது, 45 வயதுக்கு ஒரு தொகை, 50 வயதுக்கு ஒரு தொகை என்று நிர்ணயிப்பதில் என்ன தடை? கூடுதலாகக் கட்டச் சொல்லுங்கள், கட்டுகிறோம்.

அன்று திரும்பி வரும் வழியில் அஞ்சலகத்தில் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். சென்ற ஆண்டு தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் சேர்ந்தேன். அதில் 40 வயதைத் தாண்டியவர்களும் சேரலாம் என்பது பெரிய ஆறுதல், அந்த அளவுக்கு உங்களுக்கு நன்றி. ஆனால் இந்த இரண்டு கணக்குக்கும் பணம் போவது வேறு விதம். கணவருக்குச் சம்பளம் கைக்கு வரும் முன்பே பிடித்துவிடுகிறார்கள். எனக்கு, மூட்டைக்குப் பணம் கொடுத்து, மில்லுக்குக் கொடுத்து, இரண்டு உதவியாளர்களுக்கும் கூலி கொடுத்து, மகளின் கல்லூரிக் கட்டணமும் கட்டியபின் மாதக் கடைசியில் ஏதாவது மீந்தால்தான். சில மாதங்களில் 3,000 போட்டேன். மிளகாய் விலை ஏறிய மாதங்களில் ஒன்றும் போடவில்லை.

இதில் வரிச் சட்டம் நடந்துகொள்ளும் முறை எனக்குப் புரியவே இல்லை. பழைய வரிமுறையில் இருக்கும் ஒருவர் தன் மனைவியின் பொது வருங்கால வைப்பு நிதியில் பணம் கட்டினால், ஒன்றரை லட்சம் என்ற வரம்புக்குள் கழிவு கேட்கலாம், அதாவது வரி போடும் வருமானத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ளலாம். மனைவியின் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கும் கேட்கலாம். 2024 செப்டம்பரில் தொடங்கிய வாத்சல்யா திட்டத்தில் தன் சிறு குழந்தையின் பெயரில் ஓய்வூதியத்துக்குச் சேர்த்தால், 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு அதற்கும் கழிவு உண்டு. ஆனால் மனைவியின் தேசிய ஓய்வூதியக் கணக்கில் கட்டினால் கழிவு கிடையாது. ஐந்து வயதுக் குழந்தையின் முதுமைக்கு ஊக்கம் தர ஐம்பத்தைந்து ஆண்டுகள் முன்னால் பார்க்க முடிந்த உங்களுக்கு, பதினான்கு ஆண்டுகளில் அறுபதை எட்டப்போகும் அந்தக் குழந்தையின் தாய் கண்ணில் படவில்லையே.

புதிய வரிமுறைக்கு வந்தால் இவை எதுவுமே இல்லை. எங்களைப் போன்றவர்கள் அதில்தான் இருக்கிறோம், கணக்குப் பார்த்தால் அதுவே லாபம். அதில் ஓய்வூதியச் சேமிப்புக்கு மிஞ்சியிருக்கும் வாசல் பெரும்பாலும் ஒன்றே: தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளி செலுத்தும் 14 சதவீதம். 2024 ஜூலை பட்ஜெட்டில் தனியார் ஊழியர்களுக்கும் அதை 10-லிருந்து 14 ஆக உயர்த்தினீர்கள். நல்லது. முதலாளியே இல்லாதவர்கள், தாங்களே முதலாளியும் தொழிலாளியுமாக இருப்பவர்கள், அந்த வாசலுக்கு எப்படி வருவது? பெட்டிக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், வீட்டில் தைப்பவர், பொடி அரைப்பவர் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். பி.எஃப். சட்டம் பொதுவாக இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தும் என்பதால் அந்தப் பக்கமும் எங்களுக்கு வழியில்லை. பழைய முறையில் சுயதொழில் செய்பவர் மொத்த வருமானத்தில் 20 சதவீதம் வரை தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் போட்டுக் கழிவு கேட்கும் ஏற்பாடு இருக்கிறது, அதற்கும் ஒன்றரை லட்சம் என்ற கூரை உண்டு. புதிய முறையில் அந்த நியாயமும் இல்லை. வரிமுறையை எளிமையாக்கும்போது எது எளிதில் விழுந்துவிடும் என்று பார்த்தால், அமைப்பு பலமில்லாதவர்களின் சேமிப்புதான் முதலில் விழுகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் சிறு தொழிலில், லாபத்தை எந்த விகிதத்தில் பங்கிடுகிறார்கள் என்று இருவரும் கையெழுத்திட்டு ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிக்க ஒரு வழி செய்யுங்கள். அந்தப் பங்கு அவரவர் வருமானம் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். வரி ஏய்ப்புக்கு இது வழிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு ஒரு பூட்டையும் நானே சொல்கிறேன். தொழிலில் லாபம் இவ்வளவுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று ஒரு வரம்பு வையுங்கள். மனைவியின் பங்கில் குறைந்தது ஐந்தில் ஒரு பகுதி அவர் பெயரிலுள்ள ஓய்வூதியக் கணக்குக்குப் போயே ஆக வேண்டும், அறுபது வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று விதியுங்கள். எங்கள் கணக்கில் என் பங்கு 3 லட்சம் என்றால் ஆண்டுக்கு 60,000 ரூபாய், மாதம் 5,000. பெயருக்கு மட்டும் மனைவியைக் காட்ட நினைக்கும் ஆள், அவர் பெயரில் பதினான்கு ஆண்டுகள் தொட முடியாத இடத்தில் பணத்தைப் பூட்டி வைக்கத் துணியமாட்டார். உண்மையிலேயே சேர்ந்து உழைக்கும் குடும்பம் மகிழ்ச்சியோடு செய்யும். மனைவி பெயரில் தொழில் இருந்து கணவர் உதவும் வீடுகளுக்கும் இதே விதி தலைகீழாகப் பொருந்தட்டும்.

அதோடு, ஊழியருக்கு முதலாளி தருவதற்கு ஈடாக, சுயதொழில் செய்பவர் தன் ஓய்வூதியக் கணக்கில் போடும் தொகைக்குப் புதிய வரிமுறையிலும் 14 சதவீதம் வரை கழிவு கொடுங்கள். வாத்சல்யாவில் குழந்தைக்குக் கொடுத்ததை வாழ்க்கைத்துணைக்கும் கொடுங்கள். சட்டத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தாலே போதும். அடல் திட்டத்தின் வயது வரம்பைத் திறப்பது உங்கள் ஆணையமும் அமைச்சகமும் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடியது.

அரசுக்கு இதனால் வருவாய் குறையும் என்று ஒரு கோப்பில் யாராவது குறிப்பு எழுதக்கூடும். குறையத்தான் செய்யும். ஆனால் அந்தப் பணம் எங்கேயும் ஓடிப்போவதில்லை. உங்கள் ஆணையத்தின் மேற்பார்வையிலுள்ள நிதிகளில்தான் சேரும். அவை அரசுக் கடன் பத்திரங்களிலும் நிறுவனங்களிலும் முதலீடு செய்கின்றன. அறுபதைத் தாண்டிய பெண்களுக்கு முதியோர் உதவித்தொகை கொடுக்கவும் அரசுதான் பிறகு பணம் தேட வேண்டியிருக்கிறது. இப்போதே அவர்கள் பணத்தில் அவர்களைச் சேமிக்க விடுவது மலிவு.

என் கணவர் இதைப் படித்துவிட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “என் கணக்கிலிருந்து குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, அவள் பெயரில் ஒன்று இருக்க வேண்டும்.” அவர் கணக்கிலிருந்து குறைக்க வேண்டியதில்லை என்பதைத்தான் மேலே எண்களோடு சொல்லியிருக்கிறேன்.

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தில் தொழில் என்ன என்று கேட்டிருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சுயதொழில் என்று குறித்தால், அதற்கு வருமானச் சான்று காட்டச் சொன்னால் என் பெயரில் ஒன்றும் இல்லை. கடைசியில் இல்லத்தரசி என்று குறித்தேன். அன்று காலையில் நாற்பது கிலோ மல்லி வறுத்திருந்தேன். அந்தக் கட்டத்தைத் திருத்தி எழுதும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். உங்கள் பதிலையும் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து,
கணவரோடு சேர்ந்து மசாலாப் பொடித் தொழில் நடத்தும் ஒரு பெண்